நல்ல காது

துவான் நிசாம் கிச்சிலான்.
பட்டாளத்தில் கோப்ரல். பிறகு பதினேழு வருசம்
பண்டாரவளைத் தீயணைப்பு.
நான் அவருடைய பவுசர் சாரதி.

இடக்காது வவுனியாவுக்கு வடக்கே எங்கேயோ
ஒரு கண்ணிவெடியோடு போய்விட்டது.
பக்கத்து இருக்கை அவருக்கென்றே செய்தது போல:
நல்ல காது என் பக்கம்,
செத்த காது பள்ளத்துப் பக்கம்.

வீட்டில் மலாய், வேலையில் சிங்களம்.
ஜும்ஆவில் தமிழில் பயான் நடந்தால்
தூங்கிவிடுவாராம், அவரே சொல்வார்.
தெரிந்த தமிழெல்லாம் ஓர் அட்டையில் இருந்தது.
சண்டைக்கு அனுப்பும்போது கொடுத்தது.
சிங்கள எழுத்தில் பன்னிரண்டு தமிழ் வாக்கியம்.

ஒரு மாசி இரவு, மேமலைத் தோட்டம், ரெண்டாம் டிவிசன்.
லயம் முழுக்கப் பிடித்துவிட்டது.
தகரம் ஒவ்வொன்றாய் நெளிந்து எழும்பியது.
ஆறாம் காம்பிரா மட்டும் பூட்டிக் கிடந்தது.
கோப்ரல் கதவில் அறைந்தார்:
"உள்ளே யார்? வெளியே வா!"
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
வாய் பழக்கத்தில் அடுத்ததையும் சொன்னது:
"கையைத் தூக்கிக்கொண்டு வா!"

உள்ளே ரெண்டாம் தாழ்ப்பாள் விழுந்தது.
எனக்குக் கேட்டது.
அவருக்கும், நல்ல காதில்.

கோடரியால் உடைத்து
பேரப்பிள்ளையோடு பூவாயியைத் தூக்கி வந்தார்.
கொழும்புக் கடையில் நின்ற அவள் மகனை
இதே வாக்கியம்தான் கூட்டிக்கொண்டு போனது.
திரும்பக் கொண்டுவரவில்லை.
இருமி இருமி, கரி வடியும் மூக்கோடு அவள் சொன்னாள்:
"வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல."

பவுசரில் ஏறியதும் கேட்டார்,
"சவரி, வாங்க என்றால் என்ன?"
வாதான் கோப்ரல், என்றேன்.
கொஞ்சம் தண்ணி சேர்த்தது.

எனக்கும் அந்த வாக்கியம் தெரியும்.
கொட்டாஞ்சேனை லொட்ஜ், எனக்குப் பத்தொன்பது வயசு,
சாரத்தோடு படியிறங்கினேன், கையைத் தூக்கிக்கொண்டு.
டோர்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.
அவராக இருந்திருக்காது.
இருந்திருக்கலாம்.
பதினேழு வருசம் ஒரே கேபின், ஒரே பிளாஸ்க் பிளேன்ரீ.
நான் கேட்கவில்லை.

போன ஆகஸ்ட், கச்சான் அடித்த கிழமை,
யாரோ முயலுக்கு வைத்த தீ
பத்தனைப் புல்லில் ஏறி பைன் காட்டைப் பார்த்து நடந்தது.
ஹோஸ் எட்டாத இடம்.
பச்சைக் கொப்பு ஒடித்து அடித்தோம்,
பாம்பை அடிப்பது போல.
நாலு மணிக்குத் தீ படுத்தது.
கோப்ரல் ஒரு கல்லில் உட்கார்ந்தார்,
ஹெல்மெட்டை மடியில் வைத்து, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி.
களைப்பாறட்டும் என்று அரைமணி நேரம்
விட்டுவிட்டோம்.

"கோப்ரல், இறங்குவோம்."
இடப்பக்கம் நின்று சொல்கிறேன் என்று நினைவு வந்தது.
சுற்றிப் போய்
வலப்பக்கம் நின்று மறுபடி சொன்னேன்.

ஜனாஸாவுக்கு ராணுவத்திலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள்,
கையெழுத்துக்கு ஒரு படிவத்தோடு.
பூவாயி பஸ் ஏறி வந்து
மையவாடிக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.
ஒன்றும் பேசவில்லை. அழவும் இல்லை.
கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றாள்.

ஹெல்மெட் உள்துணியில் அட்டை இருந்ததென்று
அவர் மனைவி ஜெனீரா என்னிடம் காட்டினார்.
எட்டு வாக்கியம் பேனாவால் வெட்டியிருந்தது.
உள்ளே யார், அப்படியே இருந்தது.
அடுத்ததில் 'வா'வுக்குப் பின்னால்
சிங்கள எழுத்தில், நெருக்கி, 'ங்க'.
கடைசி வாக்கியம் வேர்வையில் அழிந்துவிட்டது,
என்னவென்று அவருக்கும் தெரியவில்லை.

இப்போது பக்கத்து இருக்கையில் புதுப் பையன்.
ரெண்டு காதும் நல்லாக் கேட்கும்.
"ஏன் அண்ணே கத்துறீங்க?" என்கிறான்.